மனசு பெரம்பலூர், வயிறு அரியலூர்

செந்துறைப் பக்கம் மைக்செட்டும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற அய்யம்பெருமாளுக்கு, கரண்ட் கொடுக்காத குழாயில் குரல் கேட்கத் தொடங்கியபோது, அவர் முதலில் சந்தேகப்பட்டது ஒயரைத்தான். தொழில்காரர் வேறு எதைச் சந்தேகப்படுவார்? கல்யாண வீட்டு வாசலில் மூங்கிலில் கட்டுகிற அந்தக் கூம்புக் குழாயைக் கழற்றினார், துடைத்தார், உள்ளே ஊதினார். ஆம்ப்ளிபயரைப் பிரித்துப் போட்டார். கடைசியில் குழாயை மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு போய் மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கவிழ்த்து வைத்தார். அது வைக்கோலுக்கு அடியிலிருந்தும் பேசியது.

“அய்யம்பெருமாள் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்” என்று, திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிடுகிற அதே மரியாதையான குரலில் கூப்பிட்டது. மேடை என்று எதுவும் இல்லை. வராவிட்டால் என்ன செய்வோம் என்பதையும் மரியாதை குறையாமல் சொன்னது. மனுஷர் நடுங்கிப்போனார். தூக்கம் போனது, சோறு போனது, கை வைத்த மைக்கையெல்லாம் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார். மனைவி செங்கமலம் அவர் கையைப் பிடித்து எல்லைமேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

எல்லைமேடு கூட்டு நலவாழ்வு நிலையத்தைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே, சிமெண்ட் லாரிகள் கிளப்புகிற புழுதியைத் தின்றுகொண்டு, மக்காச்சோளக் காட்டை ஒட்டி நிற்கிறது. அடிக்கல் நாட்டியபோது எல்லாம் ஒரே மாவட்டம். சுவர் எழும்பும்போது மாவட்டத்தைப் பிரித்தார்கள். சுண்ணாம்பு அடிக்கும்போது சேர்த்தார்கள். திறப்பு விழா அழைப்பிதழ் அச்சடித்த பிறகு மறுபடியும் பிரித்தார்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்ததில் மாவட்ட எல்லை கட்டடத்தின் வராண்டா வழியாகப் போவது தெரிந்தது. கட்டடத்தை நகர்த்த முடியாது, எல்லையை நகர்த்த அதிகாரம் இல்லை. எனவே வராண்டாவின் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு மேற்கே பெரம்பலூர் மாவட்டம், மனநலப் பிரிவு. கிழக்கே அரியலூர் மாவட்டம், வயிறு மற்றும் குடல் பிரிவு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாட்ச்மேன்.

கோடு அத்தோடு நிற்கவில்லை. பின்பக்கம் புதிதாகக் கட்டிய கழிப்பறையின் நடுவாகவும் போனது. அதைத் திறந்து வைக்கும் உரிமை எந்த மாவட்டத்துக்கு என்பது முடிவாகாததால், இரண்டு மாவட்டமும் தனித்தனியாகப் பூட்டுப் போட்டு வைத்திருந்தன. நோயாளிகள் மக்காச்சோளக் காட்டுக்குள் போய் வந்தார்கள்.

மனநல டாக்டர் பரணிதரன் தங்கமான மனுஷர் என்றுதான் அய்யம்பெருமாள் இன்றைக்கும் சொல்வார். அவர் நிதானமாகக் கேட்டார், பயப்படாதீங்க என்றார், ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் கை நடுங்கலாம் என்று, நடுங்காமல் இருக்க ஒரு மஞ்சள் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயின் குரல் இறங்கியது. பக்கத்து ஊர்க் கல்யாணம் மாதிரி தூரத்தில் கேட்டது. அப்புறம் தொண்டையை மட்டும் செருமிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதுவும் நின்றுபோனது. அய்யம்பெருமாள் வைக்கோலுக்கு அடியிலிருந்து குழாயை எடுத்து, ஆண்டிமடத்தில் ஒரு காதுகுத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினார். குழாய் ஒழுங்காகப் பாட்டு மட்டும் பாடியது. பந்தலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு மனுஷர் சந்தோஷத்தில் அழுதார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. குழாய் அடங்கியபோது கூடவே வயிறும் அடங்கிவிட்டது. சாப்பிட்டது உள்ளே போனால் போனதுதான். நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயிறு உப்பி, தட்டினால் தவில் மாதிரி சத்தம் வந்தது. வாழைப்பழம், வெந்நீர், விளக்கெண்ணெய், ஊரில் ஆளாளுக்குச் சொன்ன கஷாயம் எல்லாம் உள்ளே போயின. எதுவும் திரும்பி வந்து தகவல் சொல்லவில்லை.

அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது, குழாய் பேசுவதில்லை என்ற நல்ல செய்தியைச் சொல்லிவிட்டு, வெளிக்குப் போவதில்லை என்ற செய்தியையும் கூச்சத்தோடு சொன்னார். டாக்டர் பரணிதரனின் முகம் மாறியது. அவர் சக்கரம் வைத்த நாற்காலியைப் பின்னால் தள்ளி, பேனாவை எடுத்துத் தன் கழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இதற்கு மேலே இருப்பதுதான் தன் பொறுப்பு என்றார். கீழே உள்ளது பக்கத்து மாவட்டம். அப்படியானால் நாக்கு வறள்கிறதே என்று அய்யம்பெருமாள் கேட்டார். நாக்கு ஒரு பக்கம் பேச்சுக்கும் இன்னொரு பக்கம் சாப்பாட்டுக்கும் பயன்படுவதால் அது பற்றிய கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது, முடிவு தெரியும்வரை அதில் கை வைக்க முடியாது என்றார் டாக்டர்.

எனவே அய்யம்பெருமாள் மஞ்சள் கோட்டைத் தாண்டினார். நாலு எட்டு நடந்தால் தாண்டிவிடலாம். ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் போகிற நோயாளி, மேற்கு வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, சாலையில் இறங்கி, மதிலைச் சுற்றிக் கிழக்கு வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது நடைமுறை. அப்படித்தான் நுழைந்தார்.

வயிற்று டாக்டர் சிவசுப்பிரமணியன் அவரைப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டார். அப்போது சீட்டில் இருந்த ஊதா நிற மனநல முத்திரை அவர் கண்ணில் பட்டது. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிவிட்டார். எழுந்து உட்காரச் சொல்லி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

“வெளிக்கு வரலைன்னு உணர்றீங்களா?”

“உணரல சார். வரல.”

“அதான். வரலைன்னு எப்பலேருந்து உணர்றீங்க?”

அய்யம்பெருமாள் முழித்த முழியையும் டாக்டர் குறித்துக்கொண்டார். ‘மலம் வராததாக நம்புகிறார்’ என்று எழுதி, நம்பிக்கை என்பது கழுத்துக்கு மேலே நடக்கிற சமாச்சாரம் என்பதால், மேற்கே திருப்பி அனுப்பினார்.

டாக்டர் பரணிதரன் அதை இரண்டு முறை படித்தார். குழாய் போய்விட்டது, இப்போது வயிற்றைப் பற்றிய பொய்யான நம்பிக்கை வந்திருக்கிறது, நோய் இடம் மாறுகிறது என்று செங்கமலத்திடம் வருத்தமாகச் சொன்னார். வெள்ளை மாத்திரையைக் கூட்டினார். கை அதிகமாக நடுங்குமே என்று மஞ்சளையும் கூட்டினார். வயிற்றுக்குள் கொஞ்சநஞ்சம் அசைந்துகொண்டிருந்ததும் அதோடு நின்றது.

அப்படியே மேற்கிலும் கிழக்கிலுமாக மதிலைச் சுற்றிச் சுற்றி அவருக்குச் செருப்பு தேய்ந்தது. ஒரு கட்டத்தில் வயிற்று டாக்டருக்கே இரக்கம் வந்துவிட்டது. வரவில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் கொண்டுவந்தால் பரிசீலிக்கலாம் என்றார். வந்ததென்றால் ஒரு டப்பாவில் கொண்டுவந்து காட்டலாம். வராததை எதில் கொண்டுவருவது? நானே சாட்சி என்றாள் செங்கமலம். சொந்தக்காரர் சாட்சி செல்லாது, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்றார்கள்.

கிராம நிர்வாக அலுவலர் அறிவரசன் சின்ன வயது, சட்டம் தெரிந்தவர். இருப்பிடத்துக்குச் சான்று தரலாம், வருமானத்துக்குத் தரலாம், இறந்தவருக்குக்கூடத் தரலாம், இதற்கு இதுவரை யாரும் கேட்டதில்லை என்று தலையைச் சொறிந்தார். இருந்தாலும் மனுதாரரைத் தட்டிக் கழித்தார் என்ற பெயர் தனக்கு வரக் கூடாது என்று, கள ஆய்வுக்கு ஒப்புக்கொண்டார். மறுநாள் காலையில் உதவியாளரோடு வந்து, அய்யம்பெருமாள் வீட்டுக் கொல்லைக் கழிப்பறைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெரு திரண்டுவிட்டது. வாடகை நாற்காலிகளை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே போன அய்யம்பெருமாளுக்கு, வெளியே இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே, வருவதாக இருந்தாலும் வராது போலாயிற்று. வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தவர் தலையை ஆட்டினார். கூட்டம் உச்சுக்கொட்டியது. ‘மனுதாரர் உள்ளே சென்றார். வெளியே வந்தார். இடையில் நிகழாததை அலுவலர் நேரில் காணாததால் சான்றளிக்க இயலவில்லை’ என்று அறிவரசன் எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து ஊரில் யாரும் அய்யம்பெருமாளைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதில்லை. டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும், எதிரே வருகிறவர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி, ஆச்சா என்பார். இவர் இல்லை என்பார். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார். அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் அவமானம் என்னவோ அய்யம்பெருமாளுக்கு. அவருக்கு வந்த ஆத்திரம் முழுக்க அந்த மாத்திரையின் மேல் திரும்பியது. செங்கமலத்துக்குத் தெரியாமல் அதை நிறுத்தினார்.

வயிறு அசைந்து கொடுக்க ஆரம்பித்தது. நிலையத்துக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்துவிட்டது என்று மனுஷர் இரண்டொரு நாள் நிமிர்ந்து நடந்தார். பிறகு ஒரு மதியம், குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது தொண்டையைச் செருமியது.

கொட்டகை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைச் செங்கமலம் வந்து பார்த்தாள். விஷயம் உடனே புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வயிறு கெட்டா எதையாவது குடுத்துப் பார்த்துக்கலாம். நீங்க கெட்டுப்போனா நான் எங்க போயி நிக்கிறது?”

“அது பேசறப்ப நீ பேசறது எனக்குக் கேக்க மாட்டேங்குது, செங்கமலம்” என்றார் அவர். “அதான் பயமா இருக்கு.”

அவள் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். இந்த மாத்திரை அவருக்கு வேண்டும், அதோடு வயிறும் வேலை செய்ய வேண்டும், இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிறவன் எவனாக இருந்தாலும் அவனை உட்கார வைத்துக் கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று செங்கமலம் முடிவு செய்தது அப்போதுதான்.

மறுநாள் அவள் தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டு எல்லைமேட்டுக்குப் போய், வராண்டாவில் மஞ்சள் கோட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேற்கு வாட்ச்மேன் எழுந்திரு என்றார். உன் பக்கத்தில் இருக்கிற பாதியை வேண்டுமானால் எழுப்பிக்கொள் என்றாள். கிழக்கு வாட்ச்மேனுக்கும் அதே பதில். முழுதாக ஓர் ஆளை அப்புறப்படுத்த இருவருக்குமே அதிகாரம் இல்லை. இருவரும் சேர்ந்து அப்புறப்படுத்தலாமா என்று மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார்கள். அவள் அங்கேயே சாப்பிட்டாள், அங்கேயே வெற்றிலை போட்டாள். வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் கதை கேட்க ஆரம்பித்ததும், நிலையத் தலைவர் ரத்தினம்மாள் கூட்டுக் குழுவைக் கூட்டினார்.

குழு வராண்டாவில் கூடியது. மேசை கோட்டின் மேல் போடப்பட்டது. மனநலக்காரர்கள் மேற்கேயும் வயிற்றுக்காரர்கள் கிழக்கேயும் உட்கார்ந்தார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு அய்யம்பெருமாளைப் படுக்க வைத்தார்கள். தலை பெரம்பலூரிலும் மற்றது அரியலூரிலும் வரும்படி அவரைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று நகர்த்தினார்கள். கோடு சரியாகக் கழுத்துக்கு நேரே வந்ததும் இரண்டு டாக்டர்களும் திருப்தியாகத் தலையசைத்தார்கள். அவர் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அதன் ரெக்கை எந்த மாவட்டத்தில் சுற்றுகிறது என்று யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

ரத்தினம்மாள் எழுந்து உருக்கமாகப் பேசினார். “இந்த நிலையத்தில நோயாளிதான் ராஜா. வேற எங்க போனாலும் ஒரு மாவட்டம்தான் அவரைப் பாக்கும். இங்க ரெண்டு மாவட்டம் பாக்குது. ஒண்ணு கைவிட்டுட்டா, கைவிடறதுக்கு இன்னொண்ணு தயாரா இருக்கு. இந்த வசதி தமிழ்நாட்டிலேயே வேற எங்கயும் கிடையாது.”

எல்லோரும் கை தட்டினார்கள். வயிறு பற்றிப் பேச்சு வரும் என்று செங்கமலம் காத்திருந்தாள். ஆனால் இத்தனை பேர் கூடிவிட்டு வெறுமனே ஒரு வயிற்றைப் பற்றி மட்டும் முடிவெடுத்தால் நன்றாக இராது என்று குழு கருதியது. ‘மனமும் வயிறும்’ என்ற பெயரில் விழிப்புணர்வு விழா நடத்துவது, அதே விழாவில் இரு மாவட்டப் பிரமுகர்களையும் அழைத்துக் கழிப்பறையை ஒரே நேரத்தில் இரண்டு ரிப்பன் வெட்டித் திறப்பது, குணமடைந்த நோயாளியாக அய்யம்பெருமாளை மேடையேற்றிப் பேச வைப்பது, மைக்செட்டையும் அவரிடமே எடுப்பது என்று தீர்மானமாயிற்று. குணமாகவில்லையே என்றாள் செங்கமலம். விழாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்றார்கள்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. விழா நாள் விடிந்தது. மேடையில் ஏறுகிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் நிலையத்தின் மானம் போய்விடுமே என்று இரண்டு பிரிவுக்கும் ஒரே காலையில் உறைத்தது. வயிற்று டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, சீட்டில் ஏற்றாமல், ஒரு மூடியில் இளஞ்சிவப்பு மருந்து ஊற்றிக் கொடுத்தார். நல்ல பேர் முழுவதும் கிழக்கே போய்விடும் என்று பயந்த டாக்டர் பரணிதரனும் அவரைத் தனியே கூப்பிட்டார். இது வயிற்றுக்கு அல்ல, மேடையில் மனசு லேசாக இருப்பதற்கு என்று சொல்லி ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். அதே இளஞ்சிவப்பு, அதே வாசனை. இந்த மருந்து இத்தனை நாளும் இரண்டு பக்கத்து ஸ்டோரிலும் அடுக்கி வைத்துத்தான் இருந்திருக்கிறது. கொடுத்ததை வாங்கிக் குடிக்கிற பழக்கமுள்ள அய்யம்பெருமாள் இரண்டையும் குடித்தார்.

பத்து மணி விழாவுக்குப் பன்னிரண்டு மணி வரை பிரமுகர்கள் வரவில்லை. பெரம்பலூர்ப் பிரமுகர் பெரம்பலூரில் காரில் ஏறி உட்கார்ந்து, அரியலூர்க்காரர் கிளம்பிவிட்டாரா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அரியலூர்ப் பிரமுகரும் அரியலூரில் காரில் ஏறி உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் போய்ச் சேர்ந்து மற்றவருக்காகக் காத்து நிற்க இருவருக்கும் மனசில்லை. கூட்டம் கலையாமல் இருக்க டாக்டர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

வயிற்று டாக்டர் புள்ளிவிவரத்தோடு வந்திருந்தார். போன வருடம் மனநல முத்திரையோடு தங்கள் பிரிவுக்கு வந்தவர்களில் ஒருவருக்குக்கூட வயிற்றில் நோய் இல்லை என்றார். இதைத் தொட்டுப் பார்க்காமலேயே சொல்லும் அளவுக்குத் தங்களுக்கு அனுபவம் வந்துவிட்டது என்றும் சொன்னார். அடுத்து டாக்டர் பரணிதரன் மைக்கைப் பிடித்தார்.

“எங்க பிரிவில குணமானவங்க யாருமே திரும்பி வந்து குறை சொன்னதில்லை. சொன்னா அது நோய் திரும்புதுன்னு அர்த்தம். உடனே மாத்திரையைக் கூட்டிடுவோம். அதுக்கப்புறம் அவங்க சொல்றதில்லை.”

பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவேதான் அய்யம்பெருமாளின் வயிற்றில் ஏதோ உருண்டது. முதலில் அவர் நம்பவில்லை. பல மாதமாகப் பேசாத உறவுக்காரர் வாசலில் வந்து நின்றால் சட்டென்று நம்ப முடியுமா? மறுபடி உருண்டது, இந்த முறை அவசரமாக. அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுக் கையில் கார்ட்லெஸ் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். வணக்கம் என்றார். நெற்றியெல்லாம் வேர்த்தது. முன்வரிசையில் இருந்த செங்கமலத்தைப் பார்த்தார். அவள் புரிந்துகொண்டு எழுந்து நின்றாள். ஓடுங்க என்று கையைக் காட்டினாள்.

அவர் ஓடினார். மக்காச்சோளக் காட்டுக்கு வழியில்லை, அந்தப் பக்கம் முழுக்கப் பந்தல் போட்டிருந்தது. இருந்தது கழிப்பறை ஒன்றுதான். வாசலில் இரண்டு ரிப்பன், இரண்டு பக்கமும் வாட்ச்மேன், கதவில் இரண்டு பூட்டு. சாவி ஒன்று பெரம்பலூர்க் காரிலும் மற்றொன்று அரியலூர்க் காரிலும் இருந்தன. வாட்ச்மேன்கள் அவரைப் பிடிக்க வந்து, யார் பக்கம் வருகிறார் என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு ரிப்பனும் ஒரே நேரத்தில் அறுந்தன. பூட்டுகள் இரண்டும் நல்ல கம்பெனிப் பூட்டுகள், கடைசி வரை விடவே இல்லை. கீல்தான் விட்டது. இவர் தோள் பட்டதும் கதவு பூட்டோடும் சட்டத்தோடும் சேர்ந்து உள்ளே சாய்ந்தது. அதையே நிமிர்த்தி மறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மைக் அவர் கையிலேயே இருந்தது. அணைக்கவில்லை. பந்தலின் நாலு மூலையிலும் அவரே கட்டிய குழாய்கள், மக்காச்சோளக் காடு தாண்டி இரண்டு மாவட்டத்துக்கும் கேட்கும்படி, முதலில் ஒரு நீண்ட மூச்சை ஒலிபரப்பின. அப்புறம் வந்த சில சத்தங்களைப் பற்றி விவரிக்காமல் விடுவது நல்லது. கடைசியில் தழுதழுத்த குரல் ஒன்று கேட்டது.

“செங்கமலம், வந்துருச்சு.”

அவர் ஊர்க்காரர்கள் எழுந்து கை தட்டினார்கள். ஆச்சு, ஆச்சு என்று பின்வரிசை வரை செய்தி போனது. மேடையிலும் கை தட்டினார்கள். டாக்டர் சிவசுப்பிரமணியன் எழுந்து நின்று தட்டினார். அவரைவிடச் சத்தமாக டாக்டர் பரணிதரன் எழுந்து தட்டினார். செங்கமலம் தட்டவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கழிப்பறை ஏற்கெனவே திறக்கப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பிரமுகர்களும், அவரவர் ஊரிலேயே காரைவிட்டு இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து வழக்கம்போல் மாத்திரை வாங்கப் போனார்கள். அதற்குள் வயிறு மறுபடி இறுகிவிட்டிருந்தது. வெயில் காலம் என்பதால் டாக்டர் பரணிதரன் வராண்டாவில், மஞ்சள் கோட்டுக்கு ஒரு முழம் மேற்கே, தன் சக்கரம் வைத்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போதும் கேட்கும் முதல் கேள்வியைக் கேட்டார்.

“போன தடவைக்கப்புறம் குழாய்ல குரல் ஏதாச்சும் கேட்டுச்சா?”

அய்யம்பெருமாளுக்குப் பொய் சொல்ல வராது. “கேட்டுச்சுங்க” என்றார்.

“யார் குரல்?”

“என் குரல்தாங்க.”

“என்ன சொல்லுச்சு?”

“வந்துருச்சுன்னு சொல்லுச்சுங்க.”

டாக்டர் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டு, வெள்ளை மாத்திரையைக் கூட்டி எழுத ஆரம்பித்தார். செங்கமலம் பேனாவுக்கு முன்னால் கையை வைத்தாள்.

“டாக்டர், அது ஊருக்கே கேட்டுச்சு. உங்களுக்கும்தான் கேட்டுச்சு. நீங்க எந்திரிச்சு கை தட்டினீங்க.”

“தட்டினேன்மா. ஆனா அன்னிக்கு மேடை போட்டது கிழக்கால. அரியலூர் மாவட்டத்தில கேட்டதை வெச்சு இங்க மருந்து எழுத முடியாது.”

“சரிங்க. இந்த மாத்திரை தின்னா வயிறு கட்டிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? படிக்கிறப்பவே சொல்லிக் குடுத்துடுவாங்க. நெறைய பேருக்கு அப்படித்தான் ஆகும்.”

“அதை ஏன் எங்ககிட்டச் சொல்லலை?”

“வயிறு என் பக்கம் இல்லையேம்மா” என்றார் டாக்டர். அவர் கண்ணில் கள்ளம் எதுவும் தெரியவில்லை.

செங்கமலம் அவரைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரே தள்ளு தள்ளினாள். டாக்டர் உட்கார்ந்தபடியே உருண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி, அரியலூர் மாவட்டத்துக்குள் போய் நின்றார்.

“இப்பச் சொல்லுங்க” என்றாள்.

டாக்டரின் முகத்தில் ஏதோ இளகியது. அன்றைக்கு முதன்முதலாகப் பயப்படாதீங்க என்று சொன்னாரே, அந்த முகம் திரும்பியது.

“எனக்கும் கேட்டுச்சும்மா. அது நெஜக் குரல்தான், நோய் இல்லை. பழைய அளவே போதும், கூட்ட வேண்டாம். கை இப்ப நடுங்கலைன்னா மஞ்சளைக் கொறைச்சிப் பார்க்கலாம். அந்த இளஞ்சிவப்பு மருந்தைத் தெனமும் ஒரு மூடி குடுங்க. தண்ணி நெறையக் குடிக்கட்டும். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்தவே கூடாது. இவ்வளவுதான் விஷயம்.”

மடிமேல் வைத்தே எழுதிக் கையெழுத்தும் போட்டார். செங்கமலம் இரண்டு ஸ்டோரிலும் மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை, அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். மேற்கே வரிசையில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். டாக்டர் என்றால் மாவட்டம் விட்டு மாவட்டம் தாண்ட மேலிடத்து உத்தரவு வேண்டும். மேற்கு வாட்ச்மேன் நாற்காலி கிழக்கே இருக்கிறது என்றார். கிழக்கு வாட்ச்மேன் டாக்டர் மேற்கத்திக்காரர் என்றார். டாக்டர் அய்யம்பெருமாளைப் பார்த்துத் தணிந்த குரலில், தன்னால் கோட்டைத் தாண்ட முடியவில்லை, பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிட முடியுமா என்று கேட்டார்.

அய்யம்பெருமாள் இளகின மனசுக்காரர். பக்கத்தில் போய்க் குனிந்தார். இத்தனை நாளில் இந்த வராண்டாவில் தான் கற்றுக்கொண்டதை, துளியும் கேலியில்லாமல், குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகக் கேட்டார்:

“தாண்ட முடியலைன்னு உணர்றீங்களா சார்?”

பதிலுக்காகக் கொஞ்ச நேரம் மரியாதையோடு நின்று பார்த்தார். சாலையில் செந்துறை பஸ் ஹாரன் அடித்தது. செங்கமலம் கூப்பிட்டது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.